'பாப்பா, சிரி!' என்று சொல்ல வேண்டாம்



சென்ற இதழ் உங்கள் கைக்கு வந்து சேர்ந்தபின் வந்த கடிதங்களில் மூன்று கடிதங்கள் ஒரே காரியத்தைப் பற்றியவை. குழந்தைகள் வார்டின் படங்களில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள், நோயாளிகள் மாதிரியே தெரியவில்லை. முன்பெல்லாம் படத்தைப் பார்த்தவுடன் மனம் உருகும், இப்போது அதைச் சபையில் காட்டிக் காணிக்கை கேட்பது கஷ்டமாயிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் இந்த ஊழியத்தை ஆண்டாண்டுகளாய் ஜெபத்தினாலும் பொருளினாலும் தாங்கி வருகிறவர்கள். ஆகவே அவர்களுக்கு ஒரு வரியில் பதில் எழுதி முடித்துவிட மனமில்லை. அலுவலக வேலையோடு சேர்த்து இந்த மடலுக்குப் படம் எடுப்பதும் என் பொறுப்பாகையால், விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன்.

2008ஆம் ஆண்டில் மேல் உதடு பிளந்து பிறந்த ஒரு பெண் குழந்தையை நம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான்கு மாதக் குழந்தை. அறுவைக்கு முந்தின நாள் நான் காமிராவோடு போனேன். குழந்தை தாயின் மடியில் பேசாமல் படுத்திருந்தது. மடியில் இருந்தால் முகம் சரியாகத் தெரியவில்லை என்று சிஸ்டரிடம் சொல்லி, குழந்தையை வாங்கி, பரிசோதனை மேஜையில் வெள்ளைத் துணியின்மேல் கிடத்தச் செய்தேன். மேலே டியூப் லைட், கையில் பிளாஷ். குழந்தை வீறிட்டு அழுதது. அழுகையில் உதட்டின் பிளவு இன்னும் அகன்று தெரிந்தது. 'நல்ல படம்' கிடைத்துவிட்டது என்று சந்தோஷத்தோடு திரும்பினேன். அது மடலின் முகப்பில் வந்தது. பின்பு பெரிதாக்கிச் சட்டம் போட்டு வெளிநோயாளிகள் பகுதியின் நடைபாதையில் மாட்டினோம். அந்தப் படத்தைப் பார்த்து அநேகர் உதாரத்துவமாய்க் கொடுத்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து அந்தத் தாய் மகளை மறுபடியும் அழைத்து வந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு, நிலைப்பற்கள் முளைத்து வரும் வயதில், பிளந்த மேல் ஈறுக்குள் சிறிது எலும்பு எடுத்து வைக்கும் அறுவை தேவைப்படும். அதற்காக வந்திருந்தார்கள். டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த நேரத்தில் அந்தப் பிள்ளை சுவரில் இருந்த படத்தைக் காட்டி, யாரம்மா இந்தப் பாப்பா என்று கேட்டதாம். தாய், தெரியாது என்று சொல்லிவிட்டு நேரே அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "ஐயா, அந்தப் படத்தை எடுத்துடுங்க. எங்க ஊர்க்காரங்களும் இங்கதான் வைத்தியத்துக்கு வர்றாங்க" என்று மாத்திரம் சொன்னார்.

நான் அப்போதும் புத்தியில்லாமல், நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே அம்மா என்றேன். அதற்கு அவர், போட்டேன்தான், போடாவிட்டால் ஆப்பரேஷன் செய்யமாட்டார்களோ என்று பயந்து, நீட்டின காகிதத்திலெல்லாம் போட்டேன் என்றார். அவர்கள் கிராமத்தில், கிரகணத்தைப் பார்த்த தாய்க்குத்தான் இப்படிப் பிள்ளை பிறக்கும் என்பார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கருவில் முகம் உருவாகும் ஆரம்ப வாரங்களில், இரு பக்கமும் இருந்து வளர்ந்து வந்து சேரவேண்டிய பாகங்கள் சேராமல் போவதால் ஏற்படுகிறது. ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? மாமியார் வீட்டில் பட்ட பேச்சையெல்லாம் அந்தத் தாய் எட்டு வருஷமாய் மறக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அதைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தேன்.

அன்றைக்கே படத்தைக் கழற்றினோம். அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது இன்னொன்றும் உறைத்தது. பார்த்தவர்கள் எல்லாரும் குழந்தை தன் குறையினால் அழுகிறது என்றே நினைத்தார்கள். பிளந்த உதட்டினால் நான்கு மாதக் குழந்தைக்கு வலி கிடையாது. பால் குடிப்பதுதான் பாடு. அது அழுதது தாயின் மடியிலிருந்து பிடுங்கப்பட்டதினால். அந்தக் கண்ணீரை உண்டாக்கினவன் நான்.

இந்தத் தவறு என்னோடு ஆரம்பிக்கவில்லை. லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்காக விடுதிகள் நடத்தின தாமஸ் பர்னார்டோவின் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1870இல் ஆண்பிள்ளைகளுக்கான விடுதியைத் திறந்தவர். விடுதிக்கு வரும் பிள்ளைகளைப் படம் எடுத்துப் பதிவு வைத்தது நல்ல காரியமே. ஆனால் 'வந்தபோது இப்படி, இப்போது இப்படி' என்று இரண்டு படங்களைச் சேர்த்து அட்டைகளாக விற்றும் பணம் திரட்டினார். அவற்றில் சில, பிள்ளைக்குக் கந்தல் உடுத்தி நிற்கவைத்து எடுத்தவை என்று குற்றச்சாட்டு எழுந்தது. குற்றம் சாட்டினவர்களில் ஒருவர் பாப்திஸ்து சபைப் போதகர். 1877இல் மத்தியஸ்தர்கள் முன் விசாரணை நடந்தது. பெரும்பான்மையான குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தார்கள். ஆனால் இந்தச் ஜோடிக்கப்பட்ட படங்களை மாத்திரம் தவறென்று கண்டித்தார்கள். பிள்ளைகளை உண்மையாய் நேசித்த மனிதர்தான். நல்ல நோக்கம் இருந்ததினாலேயே படமும் நல்லது என்று நினைத்துவிட்டார். நானும் அப்படியே.

துன்பத்தைக் காட்டவே கூடாது என்று நான் சொல்லுகிறதாக எண்ணவேண்டாம். காங்கோ தேசத்தில் ஊழியம் செய்த ஆலிஸ் ஹாரிஸ் என்ற ஆங்கிலேய மிஷனரி அம்மையார் 1904இல் எடுத்த படம் ஒன்று உண்டு. ரப்பர் கம்பெனியின் காவலாட்கள் செய்த கொலைக்குப் பின், தன் சிறு மகளின் வெட்டுண்ட கையையும் காலையும் பார்த்தபடி தகப்பன் உட்கார்ந்திருக்கிறான். இப்படிப்பட்ட படங்களை அந்த அம்மையாரும் கணவரும் கூட்டங்கூட்டமாய்த் திரையில் காட்டிப் பேசினார்கள். ராஜா லியோபோல்டு 1908இல் அந்த நாட்டைக் கைவிட நேர்ந்ததற்கு அவையும் ஒரு காரணம். ஆனால் அந்தத் தகப்பன் தனக்கு நேர்ந்த அநியாயத்தைச் சொல்லத் தானே மிஷன் வீட்டுக்கு வந்தவன். என் மேஜையில் கிடந்த குழந்தை அப்படி வரவில்லை.

இனி, இப்போது எப்படி எடுக்கிறோம் என்பதைச் சொல்லுகிறேன். உங்கள் பேரப்பிள்ளைகளைப் படம் எடுக்கவும் இது உதவும்.

முதலில் அனுமதி. சேர்க்கை நாளில் கேட்பதில்லை; சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் சமயத்தில், வேண்டாமென்றால் ஒன்றும் குறையாது என்று சொல்லிக் கேட்கிறோம். எடுத்த படத்தைத் தாய் தகப்பனிடம் காட்டி, இதுதான் அச்சில் வரும் என்று சொல்லுகிறோம். பெயரும் ஊரும் போடுவதில்லை. அறுவைக்கு முன்னும் பின்னும் டாக்டர்கள் எடுக்கிற மருத்துவப் படங்கள் கேஸ் கட்டோடு இருக்கும். அவை என் கைக்கே வராது. இதைத் தவிர, சட்டமும் உண்டு. குற்றத்தினால் பாதிக்கப்பட்ட பிள்ளை, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளை முதலானோரின் படத்தையோ அடையாளத்தையோ வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது. பாலியல் குற்றத்தினால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைக் குறித்து 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் அப்படியே. நல்ல நோக்கம் என்று சொல்லித் தப்ப முடியாது.

அடுத்தது, காத்திருப்பது. காமிராவை எடுத்தவுடனே நம் வாயில் வரும் வார்த்தை 'பாப்பா, சிரி!' என்பதுதான். சொன்ன மாத்திரத்தில் மூன்று வயதுப் பிள்ளை பல்லை இளித்துக் கழுத்தை விறைத்துக்கொள்ளும். இரண்டு வயதுப் பிள்ளை தாயின் சேலைக்குள் புகுந்துகொள்ளும். நான் இப்போது வார்டுக்குப் போனால் முதல் கால் மணி நேரம் காமிராவைப் பையிலேயே வைத்திருக்கிறேன். தரையில் உட்காருகிறேன். குழந்தையோடு அல்ல, பாட்டியோடு பேசுகிறேன். பெரியவர்கள் தன்னைக் கவனிக்கவில்லை என்று தெரிந்தவுடன் குழந்தை தன் வேலையைத் தொடங்கிவிடும். ஸ்பூனால் கட்டிலைத் தட்டும், பக்கத்துக் கட்டில் பிள்ளையின் பந்தைப் பிடுங்கும். அப்போதும் அவசரமில்லை. காமிராவை எடுத்து, அதைக் குழந்தையின் கையில் கொடுத்துப் பார்க்க விடுகிறேன். இரண்டொரு கண்ணாடியில் விரல் ரேகை படும், துடைத்துக்கொள்ளலாம்.

வயதுக்கு வயது வித்தியாசம் உண்டு. பிறந்த குழந்தைக்கு ஒரு முழத்துக்கும் குறைந்த தூரமே, அதாவது 20 முதல் 30 செ.மீ. வரைதான் நன்றாய்த் தெரியும். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது. ஆகையால் அந்தப் பருவத்தில் குழந்தையையும் தாயின் முகத்தையும் சேர்த்து எடுப்பதே இயல்பு. ஆளைப் பார்த்துச் சிரிப்பது ஆறு வாரத்துக்கு மேல்தான் தொடங்கும். எட்டு ஒன்பது மாதத்தில் வேற்று முகம் தெரிய ஆரம்பித்துவிடும். நேற்றுவரை நம்மிடம் தாவி வந்த குழந்தை இன்று நம்மைக் கண்டு அலறினால் வருத்தப்பட வேண்டாம், அது நல்ல வளர்ச்சியின் அடையாளம். அந்த வயதில் தாயின் தோள்மேல் சாய்ந்து பின்னால் எட்டிப் பார்க்கும் முகத்தைத் தூரத்திலிருந்து எடுக்கலாம். நடக்கத் தொடங்கின பிள்ளைகளை நிற்கச் சொல்லவே கூடாது. சீஷர்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டினார்கள், ஆண்டவரோ பிள்ளைகளை அணைத்துக்கொண்டார் என்று சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். அவர்களை வரிசையாக நிற்கவைத்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை.

உயரமும் முக்கியம். நாம் நின்றபடி எடுத்தால் பெரிய தலையும் சிறிய காலுமாகக் குழந்தை அண்ணாந்து பார்க்கும். இரக்கத்தைத் தூண்டும் படங்கள் பெரும்பாலும் இப்படி மேலிருந்து எடுத்தவையே என்பதைக் கவனியுங்கள். முழங்காற்படியிட்டால் குழந்தையின் கண்ணும் காமிராவும் ஒரே மட்டத்துக்கு வரும். தவழும் குழந்தைக்குத் தரையிலேயே படுத்துக்கொள்ளவேண்டும். சட்டை அழுக்காகும். முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனாலும் கெடுதிதான், மூக்கு பெரிதாகித் தெரியும். ஏழெட்டு அடி தள்ளியிருந்து, செல்போனாக இருந்தால் இரண்டு மடங்கு பெரிதாக்கும் லென்சை வைத்து எடுத்தால் முகம் முகமாய் இருக்கும்.

வெளிச்சத்துக்கு வார்டின் ஜன்னலே போதும். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தி, டியூப் லைட்டை அணைத்துவிட்டால், ஒரு பக்கமாய் வரும் வெளிச்சத்தில் கன்னமும் இமையும் உருண்டையாகத் தெரியும். காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை நாலுக்குப் பின்பும் வராந்தா மிக நல்லது. நம் ஊர் உச்சி வெயிலில் எடுத்தால் கண்குழி கறுத்துப்போகும். பிளாஷ் கண்ணைக் கெடுக்காது, ஆனால் குழந்தையைத் திடுக்கிடப் பண்ணும்; முகத்தைத் தட்டையாக்கும்.

இங்கே நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு காரியம் உண்டு. காமிரா தன் முன் இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு வெளிச்சத்தை அளக்கிறது. ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு வெள்ளை, சுவர் வெள்ளை. காமிரா அந்த வெள்ளையைக் கண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும், குழந்தையின் மாநிறமான முகம் கறுத்துப்போய்க் கண் மட்டும் தெரியும். பழைய மடல்களில் எத்தனையோ பிள்ளைகள் அப்படி இருண்டு கிடக்கிறார்கள். செல்போனில் குழந்தையின் முகத்தின்மேல் விரலை வைத்துத் தொட்டால் முகத்துக்குத் தக்கபடி வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும். விரிப்பின்மேல் தாயின் வண்ணச் சேலையைப் போடுவது இன்னும் நல்லது. குழந்தைக்கும் அந்த வாசனை பிடிக்கும். ஆனால் போனில் முகத்தைத் தானாகவே வெளுப்பாக்கும் 'அழகு' வசதி இருந்தால் தயவுசெய்து அதை நிறுத்திவிடுங்கள். தேவன் கொடுத்த நிறத்தைத் திருத்த நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

ஓடுகிற பிள்ளைக்கு மூடியின் வேகம் நொடியில் 500இல் ஒரு பங்காவது இருக்கட்டும். உட்கார்ந்து விளையாடும் பிள்ளைக்கு 250இல் ஒரு பங்கு போதும். மற்றதெல்லாம் பொறுமைதான். ஐம்பது எடுத்தால் ஒன்று தேறும்.

உள்வளைந்த பாதத்தோடு பிறந்த குழந்தைகளுக்கு நம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் நாளில் இதையெல்லாம் நன்றாய்ப் பார்க்கலாம். வாராவாரம் பாதத்தைக் கொஞ்சங்கொஞ்சமாய்த் திருப்பி மாவுக்கட்டுப் போடுவார்கள். ஐந்தாறு கட்டுகளில் பாதம் நேராகிவிடும். பலருக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சிறிய வெட்டும் தேவைப்படும். பின்பு ஒரு கம்பியில் இணைத்த இரண்டு காலணிகளை முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுதும், அதன்பின் நாலு வயது மட்டும் இரவிலும் போடவேண்டும். இதை விட்டுவிட்டால் பாதம் மறுபடியும் வளைந்துவிடும். இந்த ஊழியத்தின் உண்மையான பாரம் கட்டுப்போடும் மேஜையில் இல்லை. நாலு வருஷம் தினந்தோறும் தூங்கப்போகும் குழந்தைக்கு அந்தக் காலணியை மாட்டிவிடுகிற தாயிடத்தில் இருக்கிறது. அழும் முகத்தைப் பெரிதாகப் போட்டால் அந்தத் தாய் படத்தில் வரமாட்டார். இரண்டு காலிலும் கட்டோடு, கட்டையே மேளமாக்கித் தட்டிக்கொண்டிருக்கும் குழந்தையையும், வாரை இறுக்கும் தாயின் விரல்களையும் எடுத்தால் உங்கள் காணிக்கை எங்கே போகிறது என்பது தெரியும். சென்ற இதழின் நடுப்பக்கத்தில் இருந்தது அதுதான். சிரிக்கிற பிள்ளை என்று எழுதினீர்களே, அந்தப் பிள்ளையின் காலை மறுபடியும் ஒருமுறை பாருங்கள்.

பிள்ளைகளைச் சிரிக்கவைக்கத் தின்பண்டம் கொடுக்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். ஒருமுறை வெளியூர்ச் சபையிலிருந்து வந்த அன்பான சகோதரி ஒருவர், முகம் வாடியிருந்த ஒரு சிறுவனைச் சிரிக்கவைத்துப் படம் எடுக்க ஆசைப்பட்டு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டார். பையன் சிரித்தான், படமும் நன்றாக வந்தது. ஆனால் அவன் அன்று காலை அறுவைக்காகப் பட்டினி வைக்கப்பட்டிருந்தவன். வயிற்றில் உணவு இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போகக்கூடும். ஆகவே திட உணவுக்குப்பின் ஆறு மணி நேரமாவது காத்திருக்கவேண்டும். அன்றைய அறுவை தள்ளிப்போயிற்று. நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்த தகப்பன் இன்னும் இரண்டு நாள் தங்கவேண்டியதாயிற்று.

பிளாஷ் வேண்டாம் என்று சொன்னேன். ஆயினும் வீட்டில் பிளாஷோடு எடுத்த பழைய படங்கள் இருந்தால் ஒரு காரியத்தைப் பாருங்கள். பிளாஷில் கண்ணின் பாப்பா சிவப்பாகத் தெரிவது வழக்கம். விழித்திரையின் இரத்த ஓட்டம் தெரிவதினால் அப்படி ஆகிறது. ஒரு கண்ணில் சிவப்பும் மற்றக் கண்ணில் வெள்ளையோ மஞ்சளோ ஆன ஒளியும் திரும்பத் திரும்பத் தெரிந்தால் தாமதியாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள். சில கோணங்களில் நல்ல கண்ணும் அப்படித் தோன்றலாம். ஆனால் பிறவிக் கண்புரையும், விழித்திரையில் வரும் புற்றுநோயும் முதன்முதல் இப்படிக் குடும்பப் படத்தில் கண்ணுக்குத் தென்பட்டதுண்டு. அந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும், பல வேளைகளில் பார்வையையும் காப்பாற்றலாம்.

கிறிஸ்துமஸ் நாட்களில் குழந்தைகள் வார்டைப் பார்க்க வர விரும்பும் சபைகளும் ஓய்வுநாள் பள்ளிகளும் முன்கூட்டியே அலுவலகத்துக்கு எழுதுங்கள். மாலை நாலு முதல் ஐந்தரை வரை வரலாம். செல்போன்களை வார்டு சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகவேண்டும். படம் தேவைப்பட்டால், அனுமதி கொடுத்த குடும்பங்களின் படங்களை நாங்களே அனுப்பிவைக்கிறோம். பிஸ்கட், மிட்டாய் எதுவானாலும் பிள்ளைகளின் கையில் கொடாமல் சிஸ்டரிடம் கொடுங்கள். பலூன் வேண்டாம், வெடித்த துண்டைச் சிறு பிள்ளைகள் வாயில் போட்டுக்கொண்டால் மூச்சு அடைத்துக்கொள்ளும். சோப்பு நுரை ஊதும் குழாய் இரண்டு மூன்று கொண்டு வாருங்கள். வார்டில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று.